ஒற்றைப் பாதையில் எதிரெதிர் கோச்சிகள்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் கோச்சியில் போனவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. ஆனாலும் ஏதோவொரு சின்ன நிலையத்தில் வண்டி பேசாமல் நிற்கும். 'குறொசிங்காம்' என்று யாராவது சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தடத்தால் எதிர்வண்டி கடந்து போன பிறகுதான் நம்முடையது அசையும்.

யாழ்ப்பாணப் பக்கம் இருப்பது ஒற்றைத் தடம். எதிரெதிரே வரும் வண்டிகள் விலத்திக்கொள்ள நிலையங்களில் மட்டும்தான் இடமுண்டு. சாரதி பார்த்து ஓட்டினால் போதாதா? போதாது. உருக்குச் சில்லு உருக்குத் தண்டவாளத்தில் உருளும்போது பிடிமானம் மிகக் குறைவு. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ரயில் நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தேவைப்படலாம். எதிரே வருவதும் அதே வேகமென்றால், கண்ணில் பட்டபின் பிறேக் பிடித்துப் பயனில்லை.

ஆகவே விதி ஒன்றுதான்: இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட துண்டுக்குள் ஒரு நேரத்தில் ஒரே வண்டி. சொல்வது சுலபம், மனிதர் தவறினாலும் மீற முடியாதபடி செய்வதுதான் கஷ்டம். 1874இல் இங்கிலாந்தின் தோர்ப் என்ற இடத்தில், தந்தி உத்தரவில் ஏற்பட்ட குழப்பத்தால் இரு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, 1878இல், எட்வர்ட் டயர் என்பவர் டப்ளட் பொறியைக் கொண்டுவந்தார்.

துண்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பொறி. இரண்டையும் மின்கம்பி இணைக்கும். உள்ளே 'டப்ளட்' எனப்படும் வட்ட உலோகத் தகடுகள். அடுத்த நிலைய அதிபர் அங்கிருந்து சம்மதம் கொடுத்தால்தான் இங்கே ஒரு தகடு வெளியே வரும். வந்ததும் இரு பொறிகளும் பூட்டிக்கொள்ளும். அந்தத் தகட்டைத் திரும்பப் போடும்வரை எந்த முனையிலும் இன்னொன்று எடுக்க முடியாது. தகடு கையில் இல்லாமல் சாரதி வண்டியை எடுக்கக் கூடாது. மலையகப் பாதையில் பெரிய வளையத்தில் கட்டிய தோல் பைக்குள் இந்தத் தகடு கைமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். கணினி எதுவும் இல்லாமல் இவ்வளவு உறுதியாக உயிர் காக்கும் கருவியை நினைக்க எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

1990இல் நின்ற யாழ்ப்பாண ரயில் 2014 ஒக்டோபரில் திரும்பியபோது பாதை புதிதாகப் போடப்பட்டு, நிற விளக்குச் சமிக்ஞைகளும் வந்தன. இன்றைய சமிக்ஞை முறைகள் பலவற்றில் ஒரு துண்டு காலியா என்று பார்ப்பது அச்சு எண்ணி, அதாவது சில்லுகளை இணைக்கும் அச்சுகளை எண்ணும் கருவி. தண்டவாளத்தை ஒட்டிய சுருள்களுக்கிடையே உள்ள காந்தப்புலத்தைக் கடந்து போகும் சில்லு மாற்றிவிடும். அந்த மாற்றம் ஓர் எண்ணாகப் பதியும். 40 அச்சு உள்ளே போனால் மறுமுனையில் 40 வெளியே வரவேண்டும். 36தான் வந்ததென்றால் நான்கு அச்சுள்ள பெட்டியொன்று கழன்று உள்ளே நிற்கலாம். சமிக்ஞை சிவப்பிலேயே இருக்கும்.

இதில் அடிபடுவது நேரம். துண்டு 10 கிலோமீற்றர், வேகம் 60 என்றால் கடக்க 10 நிமிடம். அதுவரை எதிர்வண்டி நிற்கத்தான் வேண்டும். ஒன்று பிந்தினால் அதை விலத்த நிற்பதும் பிந்தும், அப்புறம் அது சந்திக்க வேண்டியதும் பிந்தும்.

சுன்னாகம், கோண்டாவில், கொக்குவில் பக்கத்திலிருந்து நகருக்கு வேலைக்கும் படிப்புக்கும் வருவோருக்கு இன்னும் கோச்சிகள் ஓட வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு இரட்டைப் பாதைதான் வேண்டுமென்றில்லை. நீளமான துண்டின் நடுவில், முழு வண்டியும் அடங்கும் அளவுக்கு ஒரு விலத்தும் தடம் போட்டாலே 10 கிலோமீற்றர் ஐந்தைந்தாகப் பிரியும். காத்திருப்பும் கிட்டத்தட்டப் பாதியாகும்.