கீமோவுக்கும் அடுத்த கீமோவுக்கும் நடுவில்: வீட்டில் அப்பா, அம்மாவைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு

புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிய அன்றும் மறுநாளும் அப்பா தெம்பாகத்தான் இருப்பார். வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தரும் தெம்பு அது. மூன்று, நான்கு நாளில் அது வடிந்து சோர்வு வரும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் பெரும்பாலான மருந்துகளில், 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். காலண்டரில் அந்த நாட்களை வட்டமிட்டு வையுங்கள். வீட்டில் அதிகக் கவனம் தேவைப்படும் வாரம் அது.

அந்த வாரத்தில் காய்ச்சல் வந்தால் அவசரம். நாக்குக்கு அடியில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்து 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால், ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்பிவிட வேண்டும். அக்குளில் வைத்துப் பார்த்தால் இதைவிடக் குறைவாகவே காட்டும். நிறைய வீடுகளில் நடக்கும் தவறு, உடம்பு சுடுகிறதே என்று அளந்து பார்க்காமலே பாராசிட்டமால் கொடுத்துவிடுவது. சூடு இறங்கும், கிருமி உள்ளே பெருகிக்கொண்டிருக்கும், காலையில் ரத்த அழுத்தம் விழுந்திருக்கும். வயதானவர்களுக்குக் காய்ச்சலே அடிக்காமலும் தொற்று முற்றலாம். வழக்கத்துக்கு மாறான தூக்கம், சம்பந்தமில்லாத பேச்சு, குளிர் நடுக்கம், மூச்சு வாங்குவது, திடீரென்று எழுந்திருக்க முடியாமல் போவது ஆகியவற்றையும் காய்ச்சல் மாதிரியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அவசரப் பிரிவில் நுழைந்ததும் "கீமோ போட்டு பத்து நாள் ஆகுது, காய்ச்சல்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டிய நோயாளி அவர். வெறும் காய்ச்சல் என்று சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியும் கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளும் ஒரு பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

சர்க்கரை நோயும் இருந்தால் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. ஸ்டீராய்டு எடுக்கும் நாட்களில் மதியத்துக்கு மேல்தான் சர்க்கரை எகிறும். காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு நார்மல் என்று இருந்துவிடுகிறார்கள். சாயங்காலமும் ஒருமுறை பாருங்கள். சில நாள் கழித்து, சாப்பாடு இறங்காமல் இரண்டு வாய்க் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளும்போது, பழைய அளவிலேயே கிளிமிப்பிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ கொடுத்தால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். பிரஷர் மாத்திரையும் அப்படித்தான். வாந்தியும் பேதியுமாக இருக்கும்போது அதே அளவில் தொடர்ந்தால், ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தவர் தலைசுற்றி விழுவார். சாப்பிடாத நாளில் எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வாந்தி மாத்திரையை, வாந்தி வந்தபின் கொடுக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. எழுதிக் கொடுத்த நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். ஒன்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை மலச்சிக்கலை உண்டாக்கும். அதற்காக வீட்டிலேயே எனிமா கொடுத்துவிடாதீர்கள். வெள்ளை அணு குறைந்திருக்கும் நேரத்தில் ஆசனவாயில் விழும் சிறு கீறல்கூடக் கிருமிக்கு வழியாகிவிடும். தண்ணீர் போதுமான அளவு குடிக்காதவருக்கு இசப்கோல் கொடுத்தாலும் மலம் இன்னும் இறுகத்தான் செய்யும்.

வாய்ப்புண்ணுக்கு, ஆற வைத்த ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவும் கலந்து, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளிக்கச் சொல்லுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். பல்செட்டை ராத்திரி கழற்றிவிடுங்கள். உடம்பு இளைத்தபின் அது தளர்ந்து ஈறை அறுக்கும்.

நோயாளி என்றாலே ரசம் சாதமும் கஞ்சியும் என்று நிறுத்திவிடுவது வருத்தமாக இருக்கிறது. தேறுவதற்குப் புரதம் வேண்டும். நன்றாக வெந்த முட்டை, குழைந்த பருப்பு, மீன், புதுத் தயிர் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். காலையில் அரைத்து வெளியே வைத்த சட்னி, தெருவில் நறுக்கி விற்கும் பழம், முளைகட்டிய பச்சைப் பயறு வேண்டாம். வாரம் ஒருமுறை ஒரே தராசில் எடை பாருங்கள். பெரும்பாலான கீமோ மருந்துகளின் அளவை உயரமும் எடையும் வைத்தே கணக்கிடுவதால், எடை இறங்கியிருந்தால் அடுத்த கீமோவுக்கு முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றியிருந்தால் சில நாளைக்கு ஐஸ் தண்ணீர் கூடாது. ஃப்ரிட்ஜுக்குள் கை வைத்தாலே விரல்கள் மரத்துக் குத்தும்.

கீமோ முடிந்து 48 மணி நேரம் வரை சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து கலந்திருக்கும். கையுறை போட்டுச் சுத்தம் செய்யுங்கள். கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

"புற்றுநோய் என்று அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்று பிள்ளைகள் சொல்வது பாசத்தால்தான். ஆனால் வயிற்றுப்புண்ணுக்கு ஊசி போடுகிறார்கள் என்று நம்புகிறவர், லேசான நடுக்கத்தையும் வாய் எரிச்சலையும் யாரிடமும் சொல்ல மாட்டார். வீட்டில் கேட்கத் தயங்கினால், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று டாக்டரையே அவரிடம் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பெரியவர்கள் ஏற்கெனவே பாதியை யூகித்திருப்பார்கள்.