நீர்வண்ண ஓவியத்தில் முதலில் மங்குபவர்கள்

பிரான்சின் பழைய நகரங்களைக் காட்டும் 19ஆம் நூற்றாண்டு நீர்வண்ண ஓவியங்கள் பழுதுநீக்கத்துக்கு வரும்போது, தேவாலய முகப்பின் கல்வேலைப்பாட்டை விட்டுவிட்டு, அதன் அடியில் நிற்கும் சிறு மனித உருவங்களைத்தான் முதலில் உருப்பெருக்கியில் பார்ப்பேன். அந்தத் தாள் எவ்வளவு வெளிச்சத்தைத் தின்றிருக்கிறது என்பதை அவர்களுடைய உடைகள் சொல்லிவிடும்.

1819இல் முதன்முறையாக வடபிரான்சின் நார்மண்டிப் பகுதிக்குச் சென்ற ஆங்கில ஓவியர் சாமுவேல் பிரவுட், ரூவான் போன்ற ஊர்களின் கோத்திக் (கூர்வளைவுகள் கொண்ட இடைக்காலக் கட்டடப் பாணி) முகப்புகளுக்கு முன்னால் சந்தைப் பெண்களைக் கூட்டம் கூட்டமாக நிறுத்தினார். கட்டடத்தின் உயரத்தை நாம் உணர்வது அவர்களை வைத்துத்தான். ஆங்காங்கே ஒரு சிவப்புச் சால்வையும் நீலப் பாவாடையும் இல்லாவிட்டால், எத்தனை நுணுக்கமாக வரைந்திருந்தாலும் பழுப்புச் சுவர் தட்டையாகிவிடும் என்பது என் கருத்து.

சுவருக்குப் பயன்பட்ட மஞ்சள் காவி, அம்பர், சியன்னா ஆகியவை மண்ணில் கிடைக்கும் இரும்பு நிறமிகள். ஒளி அவற்றை எளிதில் அசைப்பதில்லை. ஆனால் சிவப்புக்கு அக்கால ஓவியர்கள் நாடிய கார்மைன் கொச்சினீல் பூச்சியிலிருந்தும், நீலத்துக்கான இண்டிகோ அவுரிச் செடியிலிருந்தும் வந்தவை; நீரில் கரைத்து மெல்லிய படலமாகப் பூசும்போது இவை வெளிச்சத்தில் வெளிறிவிடும். கல் நிற்கிறது, மனிதர்கள் மறைகிறார்கள். சட்டத்தைப் பிரித்து, ஓவியத்தின் ஓரங்களைச் சுற்றி வைத்திருக்கும் மவுண்ட் அட்டையை எடுத்தால், அது மறைத்திருந்த ஓரத்தில் விரல் நக அகலத்துக்கு மட்டும் பழைய நிறம் அப்படியே இருக்கும்: அட்டைக்கு அடியில் இருந்த பாவாடை விளிம்பு நீலம், வெளியே தெரிந்த பகுதி சாம்பல்.

வானத்திலும் இதே கதைதான். மேகத்துக்காக இண்டிகோவோடு இரும்புச் சிவப்பைக் கலந்திருந்தால், நீலம் போய்ச் சிவப்பு மட்டும் தங்கிவிடும். நண்பகல் வானத்தை அந்திவானம் என்று நம்பி ரசிப்பவர்கள் பலர்.

இந்த மங்கல் குறித்து 1886இல் லண்டன் நாளிதழில் பெரிய வாதமே நடந்தது. அதைத் தொடர்ந்து ஆங்கில விஞ்ஞானிகள் ரசலும் ஆப்னியும் சோதனைகள் நடத்தி 1888இல் வெளியிட்ட அறிக்கை, ஒளியோடு காற்றும் ஈரமும் சேரும்போதுதான் பெரும்பாலான நிறமிகள் கெடுகின்றன என்று காட்டியது.

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டுவிட்டோம் என்று சன்னலுக்கு எதிரில் மாட்டுவது தவறு. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தை அழிக்கும். அருங்காட்சியகங்கள் இத்தகைய தாள்களுக்கு 50 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவையே வரம்பாகக் கொள்கின்றன. நேர் வெயிலோ ஒரு லட்சம் லக்ஸை எட்டும். மங்கிய உருவங்களுக்கு மீண்டும் வண்ணம் தீட்டித் தரும்படி கேட்பவர்களுக்கு நான் இணங்குவதில்லை. அப்படித் தீட்டினால் அங்கே நிற்பது ஓவியர் வரைந்த பெண்ணாக இராது. வாங்க நினைப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் மவுண்டைத் திறந்து ஓரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.