பழைய ஃபோக்ஸ்வாகன் வேனின் கியர்பாக்ஸ் எத்தனை கிலோமீட்டர் தாங்கும்? முதலில் ஆயிலைப் பாருங்கள்

ஃபோக்ஸ்வாகன் டைப் 2 வேனை ஆசையாக வாங்கிப் பணிமனைக்குக் கொண்டுவருகிறவர்கள் முதலில் கேட்பது, "இந்த கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்றுதான். வண்டியைத் தூக்கி டிரெய்ன் பிளக்கைக் கழற்றினால், மூன்றரை லிட்டர் இருக்க வேண்டிய இடத்திலிருந்து அரை லிட்டர் கருத்த ஆயில் வந்து நின்றுவிடுகிறது. இப்படி வண்டிகள் வருவது குறைந்தபாடில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எண்தான் வேண்டும் என்றால் சொல்லிவிடுகிறேன். 1967 ஆகஸ்டிலிருந்து 1979 வரை ஜெர்மனியில் தயாரான, முன்பக்கம் ஒரே கண்ணாடி வைத்த வேன்களில், ஆயிலும் கிளட்சும் ஒழுங்காக இருந்தால் கியர்பாக்ஸைத் திறக்காமலே ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் கிலோமீட்டர் வரை எதிர்பார்க்கலாம். அதையும் தாண்டி ஓடியவை உண்டு. அதே கியர்பாக்ஸை ஆயில் இல்லாமல் ஒரே நெடுஞ்சாலைப் பயணத்தில் தீர்த்துக்கட்டவும் முடியும். ஓடோமீட்டரை ஆதாரமாகக் காட்டாதீர்கள். இந்த வேன்களில் ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். 62,000 காட்டும் வண்டி 1,62,000 ஓடியிருக்கலாம், 2,62,000கூட ஓடியிருக்கலாம். அமெரிக்காவுக்குப் போன வண்டி என்றால் அது மைல் கணக்கு.

அடுத்து, கியர் ஆயில் டப்பாவில் இருக்கும் ஜி.எல் எண்ணைப் பற்றி, என்னை மிகவும் சோர்வடைய வைக்கும் நம்பிக்கைக்கு வருகிறேன். "ஜி.எல்-4 கேட்டிருக்கிறது, நான் அதைவிட நல்லதாக ஜி.எல்-5 ஊற்றினேன்." ஐந்து நான்கைவிடப் பெரியது, ஆகவே தரமும் கூட என்ற கணக்கு இது. அந்த எண் தரவரிசை அல்ல, எந்த வேலைக்கான ஆயில் என்பதைச் சொல்வது. ஜி.எல்-5 ஆயிலில் கடும் அழுத்தத்தைத் தாங்குவதற்கான கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் ஜி.எல்-4ஐப் போல ஏறத்தாழ இரு மடங்கு. பற்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே சுமை தாங்கும் ஹைப்பாய்டு அச்சுகளுக்கு அது தேவை. உங்கள் வேனிலோ கியரும், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலும் ஒரே கூட்டுக்குள், ஒரே ஆயிலில் ஓடுகின்றன. அதில் சின்க்ரோ ரிங் இருக்கிறது. கியர் மாற்றும்போது அந்த ரிங் கியரின் கூம்பைக் கவ்விப் பிடித்து வேகத்தைச் சமன் செய்ய வேண்டும். கவ்வுவதற்கு முன் நடுவிலுள்ள ஆயில் படலம் அறுபட வேண்டும். ஜி.எல்-5 விடும் படலம் சுலபத்தில் அறுபடாது. ரிங் வழுக்கும், வேகம் சமனாகாது, கியரைப் பூட்டும் வளையமான ஸ்லீவின் பல் நேராகப் போய் கியரின் பல்லில் மோதும். கியர் மாற்றும்போது கேட்கும் "கறக்" சத்தம் இதுதான். சூடு ஏறும்போது சின்க்ரோ ரிங் போன்ற செப்புக் கலவைப் பாகங்களைக் கந்தகம் அரிப்பது இரண்டாவது பிரச்சினை. எல்லா ஜி.எல்-5 ஆயிலும் ஒரே அளவுக்கு அரிக்கும் என்று சொல்ல மாட்டேன். புதிய தயாரிப்புகளில் இதைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். வழுக்கல் மட்டும் தீர்வதில்லை. "ஜி.எல்-4/ஜி.எல்-5" என்று இரண்டையும் ஒரே லேபிளில் போட்ட டப்பாவை ஜி.எல்-5 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டு வாங்க வேண்டியது 80டபிள்யூ-90 (ஆயிலின் கெட்டித்தன்மை), ஜி.எல்-4. விலை வித்தியாசம் பெரிதாக இல்லை, கடைக்காரர் கொடுத்ததை வாங்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஆயில் மாற்றுவது அரை மணி நேர வேலை, ஆனால் அதிலும் தவறுகிறார்கள். இரண்டு பிளக்கும் 17 மி.மீ. ஆலன் கீ. முதலில் மேலே உள்ள ஃபில்லர் பிளக்கைத் தளர்த்திப் பாருங்கள். அது இறுகிக் கிடப்பது தெரியாமல் கீழே உள்ளதைத் திறந்து ஆயிலை வடித்துவிட்டால், காலி கியர்பாக்ஸோடு நடுவீட்டில் நிற்பீர்கள். கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கிய பிறகே வடிக்க வேண்டும். ஊற்றும்போது ஒரே மூச்சில் ஊற்றினால் இரண்டு லிட்டரிலேயே துளை வழியாக வழிய ஆரம்பிக்கும். "நிறைந்துவிட்டது" என்று மூடிவிடுகிறார்கள். நிறையவில்லை, கெட்டியான ஆயில் முன் பகுதிவரை பரவ நேரம் எடுக்கிறது. நிறுத்தி, கால் மணி நேரம் விட்டு, மீண்டும் ஊற்றுங்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1967க்கு முந்தைய, முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்த வேன் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். உங்கள் வண்டியில் ஆயில் மூன்று இடத்தில் இருக்கிறது. நடுவில் கியர்பாக்ஸ், இரண்டு பின் சக்கரங்களிலும் தனித்தனியாக, வேகத்தைக் குறைக்கும் ரிடக்‌ஷன் பெட்டி, ஒவ்வொன்றிலும் கால் லிட்டர் அளவுக்கு. நடுவில் மட்டும் மாற்றிவிட்டு இவற்றை மறந்துவிடுகிறார்கள். கால் லிட்டரில் ஒழுகல் ஏற்பட்டால் மிச்சம் என்ன இருக்கும்? சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் அன்றே பாருங்கள். அச்சின் ரப்பர் பூட் வெடித்திருக்கிறதா என்றும் சேர்த்துப் பாருங்கள்.

வடித்த ஆயிலைக் கொட்டிவிடாதீர்கள். டிரெய்ன் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை இருந்தால் அது வழக்கமான தேய்மானம். அந்தப் பசையை இரு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். குறுகுறுவென்று தட்டுப்பட்டால் பேரிங் உதிர ஆரம்பித்துவிட்டது. முனையுள்ள துண்டு கிடைத்தால் அது பல், வண்டியை எடுக்காதீர்கள். ஆயிலை வெயிலில் பிடித்துப் பார்க்கும்போது பொன்நிறத் துகள் மின்னினால் சின்க்ரோ ரிங் தேய்கிறது என்று அர்த்தம். காந்தத்தில் அது ஒட்டாது.

"ஓட்டுவதில்லை, ஆனால் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து விடுகிறேன்." எஞ்சினுக்கே இது நல்லதல்ல, கியர்பாக்ஸுக்குத் துளியும் பயனில்லை. ஆயிலை அள்ளி மேலே வீசுவது டிஃபரென்ஷியலின் பெரிய கிரவுன் சக்கரம். வண்டி நகர்ந்தால்தான் அது சுற்றும். நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது எஞ்சின் பக்கத்து இன்புட் ஷாஃப்டும் அதோடு கோத்த சில கியர்களும் மட்டும் சுழன்றுகொண்டிருக்கும், மேலே உள்ள பேரிங்கில் ஈரம் படிந்து துரு ஏறும், சீல் காய்ந்து விறைக்கும். மாதம் ஒருமுறையாவது இருபது, முப்பது கிலோமீட்டர் எல்லா கியரிலும் ஓட்டுங்கள்.

கியர் விழவில்லை என்று கொண்டுவரும் வண்டிகளில் கணிசமானவற்றில் கியர்பாக்ஸில் குறையே இருக்காது. கிளட்ச் முழுதாக விடுபடவில்லை, அவ்வளவுதான். சோதிப்பது சுலபம்: எஞ்சின் ஓடும்போது கிளட்சை அழுத்தி, ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு சின்க்ரோ கிடையாது, ஆகவே அது பொய் சொல்லாது. பொறுத்த பிறகும் கத்தினால் கிளட்சைப் பாருங்கள். பெடலில் வெறும் ஆட்டம் 10 முதல் 20 மி.மீ. இருக்க வேண்டும். கியர்பாக்ஸின் இடப்பக்கம் கேபிள் முனையிலுள்ள இறக்கை நட்டில் அதைச் சரிசெய்யலாம். கேபிள் நுழையும் வளைகுழாயில் சிறு தொய்வும் இருக்க வேண்டும். நேராக இழுத்துக் கட்டினால் கிளட்ச் அதிரும், கேபிளும் சீக்கிரம் அறும்.

கிளட்ச் சரி என்றால், அடுத்து கியர் ராடு. ஓட்டுநர் காலடியிலிருந்து பின்னால் இருக்கும் கியர்பாக்ஸ் வரை நீண்ட ராடு போகிறது. அதன் புஷ்ஷும், கியர்பாக்ஸ் மூக்கருகே உள்ள கப்ளிங் ரப்பரும் நொறுங்கிப்போனால் இரண்டாவது கியர் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். சில்லறைக் காசுக்கு வாங்கும் பாகம் இது. இதைப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் இன்னொரு கருத்து கேளுங்கள். கியர்பாக்ஸ் மவுண்டு கிழிந்திருந்தாலும் இதே தொல்லைதான்.

உண்மையான ஆபத்துக்கு அடையாளம், ஆக்சிலரேட்டரை விட்டதும் கியர் தானாகத் தெறித்து நியூட்ரலுக்கு வருவது. கையால் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறார்கள், சிலர் ரப்பர் கயிறு கட்டி வைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மேலே சொன்ன ராடும் மவுண்டும் சரியாக இருந்தும் தெறித்தால், ஸ்லீவின் பல் மழுங்கியிருக்கலாம், அல்லது கிரவுன் சக்கரத்தைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான பினியனின் பேரிங் பிடி தளர்ந்து ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகர்கிறது. இரண்டாவது காரணமாக இருந்தால் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் கிரவுன்-பினியன் பற்களைத் தின்கிறது. பேரிங்கோடு முடிய வேண்டிய செலவு, பொருத்தமான கிரவுன்-பினியன் ஜோடியைத் தேடி அலையும் செலவாக மாறிவிடும். சும்மா ஓட்டும்போதும் லீவரின் மேல் கையை வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்த எடை முழுவதும் உள்ளே ஸ்லீவை நகர்த்தும் ஃபோர்க்கின் மேல் விழுகிறது.

சுபாரு 2.5 லிட்டர் எஞ்சின் வைக்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று: வேனில் வந்த 1600 சிசி எஞ்சின் தந்த முறுக்குவிசையைப் போல இரு மடங்கு அது தரும். மூன்றாவது, நான்காவது கியரில் முழு வேகத்தில் மேடு ஏறினால் மேலே சொன்ன ஆயுள் கணக்கை மறந்துவிடுங்கள்.

கடைசியாக, "ரீபில்டு" என்று விற்பவை. பெயின்ட் அடித்து இரண்டு சீல் மாற்றியதையும் அப்படித்தான் சொல்கிறார்கள். எழுத்தில் கேளுங்கள்: பினியன் பேரிங் புதிதா, சின்க்ரோ ரிங் எத்தனை மாற்றினார்கள், மூன்று-நான்கு கியரின் ஹப்பும் ஸ்லீவும் மாற்றினார்களா, டிஃபரென்ஷியல் பக்க பேரிங்குகளுக்கு சிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) அளந்து போட்டார்களா, கிரவுன்-பினியன் பேக்லாஷ் (பற்களுக்கு இடையிலான இடைவெளி) எவ்வளவு. 0.15 முதல் 0.25 மி.மீ.க்குள் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். "கரெக்டாக வைத்திருக்கிறோம்" என்று மட்டும் பதில் வந்தால் பணம் கொடுக்காதீர்கள். வாங்கிப் பொருத்திய பின் முதல் ஆயிலை 1,000 கிலோமீட்டரில் வடித்து, காந்தத்தைப் பாருங்கள்.