பிரஷை நாக்கில் வைக்காதீர்கள்: சின்னப் படைவீரர் பிகர்களுக்கு வண்ணம் தீட்டுபவர்கள் கவனத்துக்கு

பிரஷ் முனையை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறதா? இந்தக் கட்டுரையில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, அதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். படைவீரர் பிகர்களுக்கு, அதாவது சின்னப் பொம்மை உருவங்களுக்கு, ஆர்டரின் பேரில் வண்ணம் தீட்டிக் கொடுப்பது என் தொழில், வார இறுதியில் சிலருக்குக் கற்றும் தருகிறேன். கற்க வருகிறவர்களில் நிறையப் பேர், யாரும் சொல்லித்தராமலே, முதல் நாளே பிரஷை வாய்க்குக் கொண்டுபோகிறார்கள். எச்சில் பட்டால் முனை சட்டென்று ஒன்றுசேரும், அது உண்மை. அதனால்தான் இந்தப் பழக்கத்தை விடுவது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு, கேட்டால் மனது பதறும். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம் ஆரஞ்சு நகரில், முதல் உலகப்போர்க் காலத்திலிருந்து, படைவீரர்களின் கைக்கடிகாரங்கள் இருட்டிலும் தெரிய வேண்டும் என்பதற்காக கதிர்வீச்சுள்ள ரேடியம் கலந்த பெயிண்டை எண்களின் மேல் தீட்டும் வேலையில் இளம்பெண்களை அமர்த்தினார்கள். கோடு மெலிதாக வர, பிரஷை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லியே வேலை கற்றுக்கொடுத்தார்கள். சில வருடங்களில் பலருக்குப் பல் விழுந்தது, தாடை எலும்பு அழுகியது, உயிர்களும் போயின. அவர்களில் கிரேஸ் ஃபிரையரும் மற்ற நான்கு பெண்களும் 1927ல் வழக்குப் போட, 1928ல் வேலைக்கு வைத்த நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. நம் பெயிண்டில் ரேடியம் இல்லை, சரி. ஆனால் விஷம் உள்ளே போன வழி அதே வழிதான்.

"நான் வாங்குவது நான்-டாக்ஸிக் அக்ரிலிக், தண்ணீரில் கரைவது, அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். பொம்மைகளுக்கென்று விற்கும் அக்ரிலிக்குகள் பெரும்பாலும் சாதுவானவைதான். ஆனாலும் சிவப்பிலும் மஞ்சளிலும் காட்மியம், நீலத்தில் கோபால்ட் என்று சில நிறங்களில் கன உலோகங்கள் இருக்கலாம், குறிப்பாக ஓவியர்கள் வாங்கும் ஆயில் டியூப்களில். டியூபில் 'ஏஎஸ்டிஎம் டி-4236' என்று அச்சடித்திருப்பதைப் பாதுகாப்புச் சான்றிதழ் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நீண்டகாலக் கேடு உண்டா என்று ஆராய்ந்து, இருந்தால் அதை லேபிளில் சொல்லியிருக்கிறோம் என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. அதே டியூபின் பின்பக்கம் எச்சரிக்கையும் இருக்கலாம். அதைப் படியுங்கள். நான்-டாக்ஸிக் என்று போட்டிருந்தாலும் அது தினமும் நக்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

நாக்குக்குப் பதில் என்ன செய்யலாம்? சின்ன ஸ்பாஞ்சை நனைத்து மேஜை ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரஷைத் தண்ணீரில் அலசி, ஸ்பாஞ்சின் மேல் படுக்கவைத்து, லேசாகச் சுழற்றிக்கொண்டே இழுத்தால் முனை கூடிவரும். வேலை முடிந்ததும் பிரஷ் சோப்பில் தேய்த்து, நுரையோடு விரலால் கூராக்கி, படுக்கையாகவே காயவிடுங்கள். பெயிண்ட் முடிகளின் அடிவரை ஏறினால்தான் பிரஷ் விரியும். விரிந்ததால்தான் ஆட்கள் நாக்கைத் தேடுகிறார்கள். பிரஷில் பாதிக்கு மேல் பெயிண்ட் எடுக்காமல் இருந்தாலே பிரச்சினையில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். விலங்கு முடியில் செய்த நல்ல கொலின்ஸ்கி சேபிள் பிரஷ், ஒன்றாம் நம்பரோ இரண்டாம் நம்பரோ, இப்படிப் பார்த்துக்கொண்டால் நெடுநாள் வரும். முகம் வரைய மிகச்சின்ன பிரஷ்தான் வேண்டும் என்று நினைக்காதீர்கள், வயிறு பெருத்த பிரஷின் கூர்முனைதான் பெயிண்ட் காயாமல் கடைசிவரை ஓடும்.

நான் இந்த வேலையில் கண்ட ஒரு விஷயம் இதுதான். உடம்புக்கு நல்ல முறை எதுவோ, அநேகமாக அதுவே பிகருக்கும் நல்ல முறையாக இருக்கிறது. ஒரு பிகரை எடுத்துக்கொண்டு காட்டுகிறேன்.

குயின் விக்டோரியாஸ் ஓன் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மின்யானோ அருகே, வெடிக்கப்போன கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். அவருக்கு வீரச்செயலுக்கான பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது. அந்தப் படையின் கண்ணிவெடி தேடும் சாப்பர் ஒருவரை 1/72 அளவில், அதாவது நிஜ அளவில் 72ல் ஒரு பங்காக, செய்ய வேண்டுமென்றால், கடையில் கிடைக்கும் பிரிட்டிஷ் காலாட்படை பிகர் ஒன்றைத் திருத்தி உருவாக்குவதே எளிது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் போரிட்ட பிரிட்டிஷ் 8வது ராணுவத்தின் பிகர் பெட்டியை எடுக்காதீர்கள். அதில் எல்லோரும் அரை நிஜாரில் இருப்பார்கள், இதுவோ இத்தாலியின் குளிர்காலம். பேட்டில்டிரெஸ் என்ற கம்பளிச் சீருடை போட்டு, எஃகுத் தொப்பி அணிந்த பிகர் வேண்டும்.

1/72ல் ஆள் உயரம் ஏறத்தாழ 24 மி.மீ., தலை மூன்று மி.மீ.தான். இந்த அளவுப் பெட்டிகளில் நிறைய, 1959ல் பிரிட்டிஷ் மாடல் நிறுவனமான ஏர்ஃபிக்ஸ் தன் கார்ட்ஸ் பேண்ட் (காவல்படை வாத்தியக் குழு) பிகர்களைக் கொண்டுவந்த காலத்திலிருந்தே, வளைந்துகொடுக்கும் மென்மையான பிளாஸ்டிக்கில் வருபவை. அதன் மேல் எதுவும் எளிதில் ஒட்டாது, பெயிண்டும் சரி, பசையும் சரி. அச்சிலிருந்து கழற்றப் பூசிய எண்ணெய்ப் பசை வேறு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் முதல் வேலை, பாத்திரம் தேய்க்கும் லிக்விட் விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவுவது. இதைச் செய்யாமல் மேலே பூசிய எதுவும், ரைஃபிள் ஒருமுறை வளைந்தாலே செதில் செதிலாக உதிரும்.

அடுத்தது அச்சுக்கோடு, அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் விழும் கோடு. இந்த பிளாஸ்டிக்கை உப்புத்தாளில் தேய்த்தால் வழுவழுப்பாகாது, நூல் நூலாகப் பிசிறும். புது பிளேடால்தான் சுரண்டி எடுக்க வேண்டும். கையில் குத்திக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் அநேகமாக மழுங்கிய பிளேடுதான் காரணமாக இருக்கும். மழுங்கியது வெட்டாது, ஆள் அழுத்துவார், பிளாஸ்டிக் வளையும், பிளேடு நழுவி நேராகக் கட்டைவிரலுக்கு வரும். பிகரைக் கையில் பிடிக்காமல் சின்ன மரக்கட்டையில் வைத்து, பிளேடை உங்கள் பக்கமாக இழுக்காமல் சுரண்டுங்கள். ஊசியைச் சூடாக்கிப் பிசிறை இழைக்கும் ஒரு வித்தையைச் சிலர் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கையில் இருப்பது பாலித்தீனா பிவிசியா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது, பிவிசி சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், அது தொண்டையையும் நுரையீரலையும் அரிக்கும். வளைந்த துப்பாக்கியை நிமிர்த்த நெருப்பே தேவையில்லை. சூடான தண்ணீரில் முக்கி, நேராக்கிப் பிடித்து, உடனே குளிர்ந்த தண்ணீரில் விட்டால் அப்படியே நிற்கும்.

இனி ரைஃபிளை வெட்டி எடுத்துவிட்டு டிடெக்டரைக் கொடுக்க வேண்டும். போலந்துப் பொறியாளர் யூசெஃப் கொசாட்ஸ்கி வடிவமைத்த கண்ணிவெடி டிடெக்டர்தான் 1942ல் எகிப்தில் நடந்த எல் அலமைன் போரில் பயன்பட்டது, நீளமான கம்பின் நுனியில் தட்டையான தேடுதட்டு. 0.4 மி.மீ. பித்தளைக் கம்பி 1/72ல் கிட்டத்தட்ட 29 மி.மீ. தடிப்புக்குச் சமம், கைக்கு அடக்கமாகத் தெரியும். தட்டுக்கு மெல்லிய பிளாஸ்டிக் ஷீட். காதில் ஹெட்போனுக்கு, பிசைந்து வைத்தால் இறுகும் எபாக்ஸி புட்டியில் இரண்டு குட்டி உருண்டை, முதுகுப்பைக்கும் அதே புட்டி. கையில் துளைபோட்டு கம்பியைச் செருகித்தான் ஒட்டவேண்டும், சும்மா ஒட்டினால் நிற்காது.

இங்கே இரண்டு எச்சரிக்கை. எபாக்ஸி புட்டியை வெறும் கையால் பிசையாதீர்கள், நைட்ரைல் கையுறை போடுங்கள். சீக்கிரமே ஒவ்வாமை வருபவரும் உண்டு, வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாமல் இருந்து திடீரென்று விரலிடுக்கில் அரிப்பும் கொப்புளமும் வருபவரும் உண்டு. ஒருமுறை வந்துவிட்டால் அநேகமாக ஆயுளுக்கும் போகாது, பிறகு அந்தப் புட்டியைத் தொடவே முடியாது. புட்டி கருவியில் ஒட்டாமல் இருக்க, கருவியையும் நாக்கில் வைக்கிறார்கள்! கிண்ணத்தில் தண்ணீர் போதும். அப்புறம் சூப்பர் க்ளூ. இதைப் பருத்தித் துணியில் கொட்டிக்கொண்டால் வேகமாக வினைபுரிந்து சூடேறும், தோலைப் பொசுக்கும் அளவுக்குச் சூடேறும். வீட்டில் வேட்டியோ பருத்தி நைட்டியோ கட்டிக்கொண்டு மடியில் வைத்து ஒட்டுகிறவர்கள் நம்மிடம் அதிகம், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். மேஜையில் வைத்து ஒட்டுங்கள், சிந்தியதைப் பஞ்சால் துடைக்காதீர்கள். விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்க வேண்டாம், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு மெல்ல உருட்டிப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் இமையை வலுக்கட்டாயமாகத் திறக்காமல், தண்ணீரால் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ரெசின் பிகர் என்றால் கதை வேறு. அதைத் தேய்க்கும்போது எழும் தூசி நுண்ணியது, மூச்சில் நேராக உள்ளே போகும். வாட்டர் பேப்பரை நனைத்துத் தண்ணீரோடு தேய்த்தால் தூசி பறக்காது, மேற்பரப்பும் கீறலில்லாமல் வரும். இப்போது வீட்டிலேயே 3டி பிரிண்டரில் எடுக்கிறார்கள். யுவி விளக்கில் முழுக்க இறுகாத ரெசினும், அதைக் கழுவிய ஆல்கஹாலும் தோலுக்குப் பகை. கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

பெயிண்டுக்கு வருவோம். வளையும் தன்மையுள்ள பிரைமர் (அடிப்பூச்சு), அதன் மேல் தண்ணீர் கலந்து மெல்லிதாக்கிய அக்ரிலிக் இரண்டு மூன்று பூச்சு. தடிப்பாக ஒரே பூச்சு போட்டால் பொத்தானும் மடிப்பும் மூழ்கிப்போகும். பேட்டில்டிரெஸ்ஸுக்கு மண்ணும் பச்சையும் கலந்த பழுப்பு, கேன்வாஸ் வார்களுக்கு அதைவிட வெளிறிய பச்சை. மடிப்புகளில் அடர்பழுப்பு வாஷ் (நீர்க்க கலந்த பெயிண்ட்), காய்ந்ததும் மேடுகளில் டிரை பிரஷ் (பெயிண்டைத் துடைத்துவிட்ட பிரஷால் லேசாக வருடுவது). இங்கே எனக்கு உறுத்தும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். மெட்ராஸ் சாப்பருக்கு 'ஃபிளெஷ்' (தோல் நிறம்) என்று எழுதிய ரோஸ் நிற பாட்டிலைத் திறந்து, அதில் கொஞ்சம் பழுப்பைக் கலந்து ஒப்பேற்றுகிறார்கள். நம் தோலுக்குச் செம்பழுப்பிலிருந்து தொடங்குங்கள், வெளிச்சம் படும் நெற்றி, மூக்கு, கன்னமேட்டுக்கு வெள்ளையைக் கலக்காமல் காவிமஞ்சளைக் கலந்து ஏற்றுங்கள். வெள்ளை சேர்த்தால் முகம் சாம்பல் பூத்து, நோயாளி மாதிரி ஆகிவிடும். கண்ணை வரையவே வேண்டாம், மூன்று மி.மீ. தலையில் எஃகுத் தொப்பியின் நிழலாக ஒரு கோடு போதும்.

ஏர்பிரஷ், ஸ்ப்ரே கேன் வைத்திருப்பவர்கள்தான் எனக்கு அதிகம் கவலை தருகிறார்கள். தண்ணீரில் கரையும் அக்ரிலிக்காக இருந்தாலும் பனிமூட்டமாக அடித்தபின் அது மூச்சில் போகும் தூள்தான். காட்மியம் உள்ள நிறத்தை ஏர்பிரஷில் ஊற்றவே கூடாது, சுவாசித்தால் அது புற்றுநோய் வரவழைக்கும் பொருள். சர்ஜிகல் மாஸ்க் இதற்கு உதவாது. என்95 துகளைத் தடுக்கும், ஆனால் லாக்கர், எனாமல் தின்னர் ஆவியைத் தடுக்காது, அதற்குக் கரி வடிகட்டி பொருத்திய ஆர்கானிக் வேப்பர் மாஸ்க் வேண்டும். ஏசி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அடிப்பதுதான் இருப்பதிலேயே மோசம். ஜன்னலைப் பார்த்து வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் இருக்கட்டும். அதே அறையில் சாமி விளக்கோ ஊதுபத்தியோ எரியக் கூடாது, பக்கத்தில் கேஸ் அடுப்பும் கூடாது, தின்னர் ஆவி தரையோடு படர்ந்து போய்ப் பற்றிக்கொள்ளும். கடைசி மேட் வார்னிஷை ஈரப்பதம் அதிகமான நாளில் ஸ்ப்ரே செய்தால் பிகர் முழுக்க வெண்மையாகப் பூத்துப்போகும், அதனால் சென்னைக்காரர்கள் மழைக்காலத்தில் பிரஷ் வார்னிஷையே பயன்படுத்துவது நல்லது.

தின்னரைத் தண்ணீர் பாட்டிலில், ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வாந்தியில் அது நுரையீரலுக்குள் இறங்கினால்தான் பெரிய ஆபத்து. பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக, பழைய உலோகப் பிகர்கள். லண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893 முதல் உள்ளே கூடாக வார்த்த ஈயப் படைவீரர்களைச் செய்தது, மெட்ராஸ் காலாட்படை வீரர்களும் அதில் உண்டு. ஈய வார்ப்பு 1966ல் நின்றது. போர் விளையாட்டுக்கான சின்ன உலோகப் பிகர்களிலோ 1990கள் வரைக்கும்கூட ஈயம் சகஜம். இப்படி ஒன்று கைக்கு வந்தால் அரம் போடவோ, உலர்ந்தபடி தேய்க்கவோ, பழைய பெயிண்டைச் சுரண்டவோ வேண்டாம், அந்தப் பெயிண்டிலும் ஈயம் இருக்கலாம். மேலே வெள்ளைத் தூள் பூத்திருந்தால் அது ஈய கார்பனேட், ஊதித் தட்டிவிடாதீர்கள். கையுறை போட்டு, ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, துணியை மூடிய பையில் போட்டுவிடுங்கள். இந்தப் பூப்புக்கு முக்கியக் காரணம் அசிட்டிக் அமில ஆவி. ஓக் மரம், பிளைவுட், எம்டிஎஃப், அட்டைப்பெட்டி எல்லாம் அதை விடும். கண்ணாடி அலமாரி செய்பவர்கள் பூசும் வினிகர் வாடையடிக்கும் சிலிகானும் அப்படித்தான், வாடை முழுக்கப் போகும்வரை உள்ளே ஈயப் பிகரை வைக்காதீர்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வாய்வழியாகப் போகும் ஈயத்தைச் சிறு குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட 4-5 மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறது, பாதுகாப்பான அளவு என்று ரத்தத்தில் எதுவும் கண்டறியப்படவில்லை. ஆகவே ஈயப் பிகரைக் குழந்தை விளையாடக் கொடுக்காதீர்கள், சமையலறை மேஜையில் வைத்து வேலை செய்யாதீர்கள், டீ டம்ளரையும் பிரஷ் அலசும் டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். நீண்டகாலம் ஈயப் பிகர்களை வார்த்தோ தேய்த்தோ வந்தவர்கள் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் பரிசோதனையை மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்று வலி, தலைவலி, அசதி என்று எதற்காகப் போனாலும் இந்த வேலை செய்கிறேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள், பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறீர்களா என்று எந்த மருத்துவரும் தானாகக் கேட்கமாட்டார்.