முறுக்கினால் மிஸ் அடிக்கும் வண்டி: ஹெட்டைத் திறந்தால் வால்வு ஸ்பிரிங்கையும் பாருங்கள்

நிலக்கோட்டைச் சந்தையில் பூ எடுத்து மதுரைக்குக் கொண்டுபோகும் தம்பி ஒருவர் போன வைகாசியில் என் பட்டறைக்கு வந்தார். 100 சிசி வண்டி. "அண்ணே, அறுபது வரைக்கும் சொன்னபடி கேக்குது. எழுபதைத் தொட்டா படபடன்னு மிஸ் அடிக்குது. மல்லி மொட்டா இருக்கும்போதே போய்ச் சேரணும்ணே" என்றார். அதற்குள் இரண்டு பிளக், ஒரு காயில், பொறியின் நேரத்தைக் கவனிக்கும் சிடிஐ பெட்டி ஒன்று மாற்றி, கார்புரேட்டரையும் சர்வீஸ் செய்துவிட்டார்.

நான் ஸ்பேனரை எடுக்கவில்லை. "மூணாவது கியரிலேயே வச்சு முறுக்கிப் பாருங்க, எந்த வேகத்துல வருதுன்னு சொல்லுங்க" என்று அனுப்பினேன். ஐம்பத்தைந்தை ஒட்டி வருகிறது என்றார். பிறகு நியூட்ரலில் நிறுத்திச் சற்று முறுக்கினேன். இன்ஜின் அதே சுருதிக்கு வந்ததும் அதே படபடப்பு. பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த கியரானாலும், ஒரே ஆர்பிஎம்மில் (நிமிடச் சுற்றில்) வருகிறது. கலவையை உள்ளே விட்டு, புகையை வெளியே அனுப்பும் வால்வு பக்கம் சந்தேகம் போனது அப்போதுதான்.

மற்ற கோளாறுகளின் குணம் வேறு. காயில், பிளக் கோளாறு பெரும்பாலும் பாரத்தில்தான் தலைகாட்டும். மேட்டில் ஏறும்போது, ஆள் ஏற்றும்போது, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு. பெட்ரோல் பற்றாக்குறையென்றால் முழு ஆக்சிலேட்டரில் சில விநாடி நன்றாக ஓடி, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணம் வற்றியதும் திணறும். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தாலே இப்படி ஆகும். சோக்கைக் கொஞ்சம் இழுத்ததும் தெளிந்தால் கலவை மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். பொறி வரும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட் வைத்திருப்பவர்கள் மிஸ் அடிக்கும் வேகத்தில் வெளிச்சம் விட்டுவிட்டு வருகிறதா என்று பார்க்கலாம். விட்டுப்போனால் கோளாறு இக்னிஷனில். இன்னொன்று, சில வண்டிகளில் குறிப்பிட்ட ஆர்பிஎம்முக்கு மேல் போகவிடாமல் மின்சுற்றே வெட்டிவிடும். அதைக் கோளாறு என்று நினைத்து, வால்வுகள் இருக்கும் இன்ஜின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றியவர்களும் உண்டு.

சரி, ஸ்பிரிங் தளர்ந்தால் ஏன் வேகத்தில் மட்டும் தெரிகிறது? வால்வைத் திறப்பது சுழலும் மேடான கேம், மூடுவது ஸ்பிரிங். 6000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் வால்வைக் கேமின் போக்கிலேயே பிடித்துவைக்கத் தேவையான விசை நான்கு மடங்காகும். தளர்ந்த ஸ்பிரிங்குக்கு அந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது. வால்வு நேரத்துக்கு உட்காராமல் மிதக்கிறது, கம்ப்ரஷன் நழுவுகிறது. பிளக் பொறி விட்டும் பயனில்லை. கிக்கரை மிதித்தால் மட்டும் கம்ப்ரஷன் கெட்டியாகவே இருக்கும், ஏனென்றால் மெதுவாகச் சுற்றும்போது அதே ஸ்பிரிங் தாராளமாகப் போதும். பல மெக்கானிக்குகள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

வால்வின் முனைக்கு மேல் விடும் டேப்பட் இடைவெளியை ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஹெட்டைக் கழற்றி ஸ்பிரிங்குகளை எடுத்தேன். கண்ணாடித் துண்டின் மேல் நிறுத்தி, மூலமட்டத்தை ஒட்டி மெதுவாகச் சுற்றிப் பார்த்தேன். எக்ஸாஸ்ட், அதாவது புகை வெளியேறும் வால்வின் ஸ்பிரிங்கின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வெர்னியரில் புதியதைவிட ஒரு மில்லிமீட்டர் சொச்சம் குட்டை. எக்ஸாஸ்ட் பக்கம் சூடு அதிகம் என்பதால் பொதுவாக அதுதான் முதலில் சோரும்.

நீளத்தை மட்டும் நம்பக்கூடாது. உயரம் சரியாக இருந்தும் பலம் போன ஸ்பிரிங் உண்டு. ஸ்பிரிங்கின் பலம் அளக்கும் டெஸ்டர் இல்லாத பட்டறைக்கு ஒரு வழி: புதிய ஸ்பிரிங், நடுவில் வாஷர், பழைய ஸ்பிரிங் என்று வரிசையாக வைத்து, பறக்காமலிருக்க உள்ளே ஒரு குட்டைக் கம்பியைச் செருகி, பெஞ்ச் வைஸில் மெதுவாக இறுக்குங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவு சுருங்க வேண்டும். அன்று பழையதின் சுருள்கள் நெருங்கி வந்துவிட்டன, புதியதில் இடைவெளி அப்படியே தெரிந்தது. அந்தத் தம்பி குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கு மெக்கானிக்கே வேண்டாம்ணே, கண்ணுக்கே தெரியுது" என்றார். எண்ணாகவே வேண்டுமென்றால், எடை பார்க்கும் மெஷினை டிரில்லிங் மெஷினின் மேசையில் வைத்து, ஸ்பிரிங்கை மேனுவலில் சொன்ன உயரத்துக்கு அழுத்தி எடையைப் படிக்கலாம்.

அவருக்குப் புதிய ஸ்பிரிங் மாட்டி அனுப்பினேன். சிலர் தளர்ந்த ஸ்பிரிங்கையே இழுத்து நீட்டி மாட்டுகிறார்கள், அடியில் வாஷர் வைத்து டென்ஷன் ஏற்றுகிறார்கள். நீட்டியது சில நாளில் பழைய நிலைக்கே போகும். வாஷர் கனமாகிவிட்டால் வால்வு முழுதாகத் திறக்கும் நேரத்தில் சுருளோடு சுருள் முட்டும். அப்புறம் வால்வை அழுத்தும் ராக்கரும் கேமும் தேயும். ஸ்பிரிங் உடைந்தால் வால்வு பிஸ்டன் மேல் இறங்கிவிடவும் கூடும். புதியது மாட்டும்போது, ஒரு முனையில் சுருள் நெருக்கமாக இருந்தால் அந்த முனை ஹெட் பக்கம், கீழே இருக்க வேண்டும்.

பெட்ரோல் பம்ப்செட், களையெடுக்கும் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இருப்பதால் வழக்கமாக 3600 ஆர்பிஎம்மை ஒட்டியே ஓடும். அந்த வேகத்தில் நல்ல ஸ்பிரிங் மிதக்காது. மிதந்தால் முதலில் யாராவது கவர்னர் கம்பியை வளைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஸ்பிரிங் தளர்ந்த கதையையும் கேட்டேன். சில மாதம் முன்பு ஆயில் குறைந்து இன்ஜின் சூடேறி இறுகி, சீஸ் ஆகியிருக்கிறது. வேறொரு இடத்தில் சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு) புதுப் பிஸ்டன் மாட்டியிருக்கிறார்கள். அந்தச் சூட்டை அனுபவித்த ஹெட்டைத் துடைத்து அப்படியே வைத்துவிட்டார்கள். அன்றைக்கே வைஸில் ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை.

புதிய ஸ்பிரிங்கோடு ஓட்டிவிட்டு நான்கு நாள் கழித்து வந்தவரிடம் கழற்றிப்போட்ட பழைய காயிலும் சிடிஐயும் இருக்கிறதா என்று கேட்டேன். வண்டிப் பெட்டியிலேயே கிடந்தன. மாட்டி ஓட்டச் சொன்னேன். எண்பது வரைக்கும் ஒரு மிஸ்ஸிங் இல்லை.