தூங்கவிடாமல் வாங்கிய வாக்குமூலம்

சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா தன் மகனை என்னிடம் அழைத்து வந்தார். பையனுக்கு இருபத்து நான்கு வயது. அவன் வேலை பார்த்த இடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பணம் குறைந்திருக்கிறது. விசாரிக்க வேண்டும் என்று கூட்டிப்போனவர்கள் அவனை அதிகம் அடிக்கவில்லை. மூன்று இரவு நிற்க வைத்தார்கள், அவ்வளவுதான். கண் சொருகினால் முகத்தில் தண்ணீர். மூன்றாம் நாள் விடியற்காலையில் "நான்தான் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டான். எங்கே வைத்தாய் என்றதற்கு ஓர் இடத்தையும் காட்டினான். அங்கே ஒன்றும் இல்லை. கணக்கு எழுதியதில் நடந்த பிழை என்று பத்து நாள் கழித்துத் தெரிந்தது, அனுப்பிவிட்டார்கள்.

என்னிடம் வந்தபோது எட்டு மாதம் ஆகியிருந்தது. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. இரண்டாம் முறை வந்தபோது மெதுவாகக் கேட்டான்: "டாக்டர், ஒருவேளை நான்தான் எடுத்து எங்கேயாவது வச்சிட்டு மறந்துட்டேனோ?"

எங்காவது குண்டு வெடித்த செய்தி வரும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு டாக்டர்கள் அறையிலேயே ஆரம்பித்துவிடுவார்கள்: "பிடிச்சவனை முட்டிக்கு முட்டி தட்டினா எல்லாம் கக்கிடுவான்." அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சாதாரணத் திருட்டு வழக்கு என்றால் தயங்குகிற படித்தவர்கள்கூட, தீவிரவாதி என்றால் சரி என்கிறார்கள். சட்டம், மனித உரிமை பற்றி வழக்கறிஞர்கள் பேசட்டும். மூளையைப் பற்றி ஒரு மனநல மருத்துவராக நான் சொல்ல வேண்டியது இருக்கிறது.

தூக்கம் பறிபோனால் முதலில் அடிபடுவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. யோசிப்பது, தடுத்து நிறுத்துவது, விளைவை எடைபோடுவது எல்லாம் அதன் வேலை. அப்புறம், "இது நானே பார்த்ததா, யாரோ என்னிடம் சொன்னதா" என்று பிரித்துப் பார்க்கும் திறன் மங்குகிறது. விசாரிப்பவர் ஒரே கேள்வியை நாற்பது முறை கேட்கும்போது, அந்தக் கேள்விக்குள் இருக்கும் விவரமெல்லாம் கேட்கப்படுபவரின் நினைவாகவே படிந்துவிடுகிறது. அந்தப் பையனுக்கு நடந்தது இதுதான். அமெரிக்காவில் 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஓர் இரவு முழுக்க விழித்திருந்தவர்களிடமும் நன்றாகத் தூங்கியவர்களிடமும், செய்யாத ஒரு தவறைச் செய்ததாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முதல் முறை கேட்டபோதே, தூங்கியவர்களில் 18 சதவீதம் பேரும் விழித்திருந்தவர்களில் 50 சதவீதம் பேரும் போட்டுவிட்டார்கள். அடி இல்லை, மிரட்டல் இல்லை. ஒரே ஓர் இரவு.

செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ., தீவிரவாதிகள் என்று சந்தேகித்தவர்களைத் தன் ரகசியச் சிறைகளில் 180 மணி நேரம் வரை தூங்கவிடாமல் வைத்திருந்தது. ஏழரை நாள். பெரும்பாலும் நிற்க வைத்து, சில நேரம் கைகளைத் தலைக்கு மேல் சங்கிலியில் மாட்டி. குறைந்தது ஐந்து பேருக்கு இல்லாத உருவங்கள் தெரிய ஆரம்பித்தன என்று அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் குழு 2014 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அப்படித் தெரிந்த பிறகும் இருவரையாவது தொடர்ந்து தூங்கவிடவில்லை. இல்லாததைப் பார்க்கும் ஒருவர் என் மருத்துவமனைக்கு வந்தால் அவர் சொல்வதை நான் நோயின் அறிகுறியாகத்தான் குறித்துக்கொள்வேன். அங்கே அதை உளவுத் தகவல் என்று எழுதினார்கள்.

அல்-கொய்தாவின் பெரிய தலைவர்களில் ஒருவர் என்று சி.ஐ.ஏ. நினைத்த அபு ஸுபைதாவின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2002 மார்ச்சில் பாகிஸ்தானின் ஃபைசலாபாத்தில் குண்டடிபட்ட நிலையில் பிடிபட்டார். தாய்லாந்தில் ஒரு ரகசிய இடத்துக்குக் கொண்டுபோனார்கள். முதலில் விசாரித்தவர்கள் அமெரிக்காவின் உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அதிகாரிகள் இருவர். அவர்களில் ஒருவரான அலி சூஃபான் அரபு பேசத் தெரிந்தவர். பெயரைக் கேட்டதும் பொய்ப் பெயர் வந்தது. "ஹானி என்று கூப்பிடட்டுமா?" என்றார் சூஃபான். அது அபு ஸுபைதாவை அவருடைய அம்மா கூப்பிடும் செல்லப்பெயர். அந்த அதிகாரிகள் காயத்தைப் பார்த்துக்கொண்டார்கள், கூடவே இருந்தார்கள். செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டவர் காலித் ஷேக் முகமது என்ற தகவல் அந்தப் பேச்சில்தான் வந்தது.

அதற்குப் பிறகு சி.ஐ.ஏ.யின் ஆட்கள் வந்தார்கள். ஆகஸ்டில் மட்டும் 83 முறை, முகத்தைத் துணியால் மூடித் தண்ணீர் ஊற்றி, மூச்சு முட்ட வைத்தார்கள். சவப்பெட்டி அளவுள்ள ஒரு பெட்டிக்குள் மொத்தம் 266 மணி நேரம் அடைத்தார்கள். ஒரு கட்டத்தில் திறந்த வாயில் நீர்க்குமிழி வர நினைவிழந்து கிடந்தார். அடுத்த தாக்குதல் பற்றி அவர் எதையோ மறைக்கிறார் என்று சொல்லித்தான் இதையெல்லாம் செய்தார்கள். அப்படி எந்தத் தகவலும் வரவில்லை. இன்றுவரை அவர்மீது ஒரு குற்றப்பத்திரிகைகூட இல்லை.

"நேரம் இல்லை சார், குண்டு டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருக்கிறது, அப்போது என்ன செய்வீர்கள்?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான பயம்தான், அதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் இந்தக் கொடுமைக்கு முன்னால் அபு ஸுபைதாவை 47 நாள் தனிமையில் போட்டுவைத்தார்கள். அந்த 47 நாளும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. குண்டு ஓடிக்கொண்டிருந்தால் யாராவது அப்படிச் செய்வார்களா?

செனட் குழு சொன்னதை சி.ஐ.ஏ. ஏற்கவில்லை. தவறுகள் நடந்தன, ஆனாலும் பயனுள்ள தகவல் கிடைத்தது என்றது. குழுவோ, வெற்றி என்று சி.ஐ.ஏ. காட்டிய 20 நிகழ்வுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, எதுவும் நிற்கவில்லை என்றது. சிறைகளில் இருந்த 119 பேரில் குறைந்தது 26 பேரைப் பிடித்ததே தவறு என்றும் எழுதியது.

பொய் வாக்குமூலத்தின் விலை எவ்வளவு என்பதற்கு சி.ஐ.ஏ. பிடியில் சிக்கிய இன்னொரு கைதியான இப்ன் அல்-ஷேக் அல்-லிபியைப் பார்த்தால் போதும். அவரை எகிப்திடம் ஒப்படைத்தார்கள். அங்கே சிறு பெட்டிக்குள் அடைத்து அடித்ததாகவும், அதனால்தான் கதை கட்டினேன் என்றும் அவர் பிறகு சொன்னார். அல்-கொய்தாவுக்கு ஈராக் ரசாயன ஆயுதப் பயிற்சி கொடுத்தது என்பது அந்தக் கதை. 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அதை உலகத்தின் முன் வைத்தார். அடுத்த மாதம் ஈராக் போர் தொடங்கியது. அல்-லிபி தன் பேச்சை 2004-ல் திரும்பப் பெற்றார். அதற்குள் எத்தனை உயிர்கள் போயின!

என்னை அதிகம் வதைப்பது வேறொன்று. இந்த முறைகளை வடிவமைத்தவர்கள் மனதைப் படித்தவர்கள். ஜேம்ஸ் மிட்செல், புரூஸ் ஜெஸன் என்ற இரண்டு உளவியலாளர்கள். அதற்கு முன் ஒரு கைதியைக்கூட விசாரித்து அனுபவம் இல்லாதவர்கள். அவர்களுடைய நிறுவனத்துக்கு 8.1 கோடி டாலர் கொடுக்கப்பட்டது. எதிரியிடம் சிக்கினால் தாக்குப்பிடிக்க அமெரிக்க வீரர்களுக்குப் பயிற்சி தரும் ஒரு திட்டத்தில் இருந்தவர்கள் அவர்கள். கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்க விமானிகளிடம் பொய் வாக்குமூலம் வாங்கச் சீனர்கள் கையாண்ட முறைகளிலிருந்து பிறந்த பயிற்சி அது. பொய்யை வரவழைக்கும் என்று நன்றாகத் தெரிந்த கருவியை எடுத்து, உண்மையைத் தேடப் பயன்படுத்தினார்கள்.

அதே பயிற்சிக் கூடத்தில் நடந்த ஓர் ஆய்வும் இருக்கிறது. 500-க்கும் மேற்பட்ட வீரர்கள், முகத்துக்கு நேரே நடந்த விசாரணை. ஒரு நாள் கழித்து, உன்னை விசாரித்தவர் யார் என்று வரிசையில் நிற்பவர்களைக் காட்டிக் கேட்டார்கள். கடுமையாக விசாரிக்கப்பட்டவர்களில் சுமார் 30 சதவீதம் பேர்தான் சரியாகக் காட்டினார்கள். மென்மையாக விசாரிக்கப்பட்டவர்களில் 62 சதவீதம். இது 2004-ல் வெளியானது. நேற்றுப் பார்த்த முகமே நினைவில் இல்லாதவரிடம், போன வருடம் யாரைச் சந்தித்தாய் என்று கேட்டு என்ன பயன்?

அமெரிக்க உளவியல் சங்கம் 2015-ல்தான் தேசப் பாதுகாப்பு விசாரணைகளில் உறுப்பினர்கள் பங்கேற்கத் தடை போட்டது. மருத்துவர்களும் அந்த அறைகளுக்குப் பக்கத்தில் இருந்தார்கள், நாடி பார்த்தார்கள். நம் நாட்டில் காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இளம் மருத்துவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வாசலில் நிற்க வைத்து ஒரு பார்வை பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். கடைசியாக எப்போது தூங்கினாய் என்று தனியாகக் கேளுங்கள். பதிலை எழுதிவையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: விசாரணைக்குப் போய்வந்தவர் கதவு தட்டும் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போட்டு எழுகிறாரா, யாரையும் பார்க்காமல் ஒதுங்குகிறாரா, தானே குற்றவாளி என்பதுபோல் பேசுகிறாரா? "அங்கே என்ன நடந்தது" என்று துருவாதீர்கள். சீக்கிரம் மருத்துவரிடம் கூட்டிவாருங்கள். எட்டு மாதம் காத்திருக்க வேண்டாம்.

அந்தப் பையனோடு பல மாதம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கிப் போனோம். ஐந்தாவது மாதம் அவன் அக்கா ஒரு போட்டோவைக் கொண்டுவந்தார். அவருடைய வளைகாப்பு. பணம் குறைந்ததாகச் சொன்ன அதே வெள்ளிக்கிழமை. பையன் அன்றைக்கு வேலைக்கே போகவில்லை. மூன்று இரவு அவனைக் கேட்டபோது அது ஒருமுறைகூட அவன் நினைவுக்கு வரவில்லை. போட்டோவை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தான். பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பது அவன்தான் என்று அக்கா விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் அழுதான்.