நோய் முற்றவில்லை, மாத்திரைப் பையைக் கொட்டுங்கள்

நடந்துகொண்டிருந்தவர் பத்தே நாளில் நாற்காலியோடு ஒட்டிவிட்டார். ‘பார்க்கின்சன் முற்றிவிட்டது, மடோபார் மாத்திரை போதவில்லை, ஏற்றிக் கொடுங்கள்’ என்று வீட்டார் வந்து நிற்பார்கள். பினாங்கில் இது எத்தனையாவது முறை என்று எண்ணுவதையே விட்டாயிற்று. நடுவில் தலைசுற்றல், வாந்தி என்று கிளினிக் போனீர்களா? போயிருப்பார்கள். பிளாஸ்டிக் பொட்டலத்தைக் கொட்டினால் தலைசுற்றல், வாந்திக்கான 5 மில்லிகிராம் ஸ்டெமெட்டிலோ 10 மில்லிகிராம் மேக்சலானோ கிடக்கும்.

பத்து நாளில் முற்றுகிற நோய் இல்லை இது. வருஷக்கணக்கில் மெல்ல ஏறுவது. திடீரென்று முடங்கினால் புது மருந்தா, சிறுநீர்த் தொற்றா, மலச்சிக்கலா, வேளை தவறிய மாத்திரையா என்று தேடுங்கள். இந்த நோயில் மூளையில் குறைவது டோபமின் என்ற ரசாயனம். அதைக் கொடுக்க மடோபார்; அதை அடைக்க ஸ்டெமெட்டிலும் மேக்சலானும். தலைசுற்றலுக்குத் தரும் ஸ்டுஜெரானும் இந்த வகைதான். இவற்றை நிறுத்தினாலும் உடல் இளக வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். அதற்குள் மடோபாரை ஏற்றினால் பிரஷர் இறங்கும், தலை இன்னும் சுற்றும், மறுபடி கிளினிக், மறுபடி ஸ்டெமெட்டில்.

அந்தத் தலைசுற்றலே பல நேரம் மடோபாரும் பிரஷர் மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை. 5 நிமிடம் படுக்க வைத்து ஒருமுறை பிரஷர் பாருங்கள். நிற்க வைத்து 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அந்தக் கணக்கை எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். வாந்திக்கு டோம்பெரிடோன் இருக்கிறது. இதயக் கோளாறு உள்ளவர்கள் அதைச் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

(நம் நாட்டில் தனியார் கிளினிக்கே மருந்தையும் கொடுத்து அனுப்பிவிடுகிறது. பார்மசிக்காரர் கண்ணில் படுவதற்குள் பாதிப் பட்டை தீர்ந்திருக்கும்.)

மைலோவோடும் அரைவேக்காட்டு முட்டையோடும் மடோபாரை விழுங்காதீர்கள், புரதம் அதை எளிதில் உள்ளே விடாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன், இல்லையேல் ஒரு மணி பின். இரும்புச்சத்து மாத்திரைக்கு 2 மணி இடைவெளி. மடோபாரில் மெல்ல மருந்தை விடும் எச்பிஎஸ் கேப்சூலைப் பிரித்துக் கரைக்காதீர்கள். செலிஜிலின் என்ற இன்னொரு பார்க்கின்சன் மருந்து எடுப்பவருக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உள்ள இருமல் மருந்தும் வலிமருந்து டிராமடாலும் கூடவே கூடாது. பூனைக்காலிப் பொடியில் இருப்பதும் மடோபாரில் உள்ள லெவோடோபாதான். ‘மூலிகைதானே’ என்று மேலே சேர்க்காதீர்கள். பிரமிபெக்சோல் என்ற பார்க்கின்சன் மருந்து தொடங்கியபின் அப்பா தினமும் லாட்டரி நம்பர் வாங்கக் கடைக்குப் போகிறாரா? அந்தச் சூதாட்ட ஆசை மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம்; திட்டாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

பயந்துபோய் மடோபாரை மட்டும் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து அவசரப் பிரிவில் முடியும். ‘பார்க்கின்சன் நோயாளி, ஸ்டெமெட்டில், மேக்சலான் வேண்டாம்’ என்று மலாயில் ஒரு சீட்டு எழுதி நோயாளியின் ஐசி (அடையாள அட்டை) உறைக்குள் இன்றே செருகிவையுங்கள்.